பத்து மாலைகளும் ஓர் இரவும்: அரியலூர் மாவட்டக் கிராமங்களில் கோடை விடுமுறைக் கொண்டாட்டம் நடத்த முழுமையான வழிகாட்டி

ஏப்ரல் கடைசியில் முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் அரியலூர் மாவட்டத்துக் கிராமங்களில் பிள்ளைகள் தெருவுக்கு வந்துவிடுகிறார்கள். பள்ளி மறுபடி திறக்க ஜூன் பிறந்துவிடும். வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள் திருச்சிக்கோ சென்னைக்கோ உறவினர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மற்றவர்களுக்கு முந்திரிக்காடும் கைப்பேசியும் ஏரிக்கரையும்தான். இவர்களுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிற இளைஞர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் அந்த நல்ல எண்ணம் பெரும்பாலும் ஒரே நாள் விழாவாகச் சுருங்கிவிடுகிறது. பந்தல், மேடை, ஸ்பீக்கர், சால்வை, ஓட்டப்பந்தயத்தில் முதல் மூன்று பேருக்கு எவர்சில்வர் டப்பா. பந்தல்காரர் வண்டியில் கம்புகளை ஏற்றிக்கொண்டு போனதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

அந்த ஒரே நாளில் கொட்டுகிற பணத்தையும் உழைப்பையும் பத்து மாலைகளுக்குப் பிரித்துப் போடுங்கள் என்பதே என் யோசனை. தினமும் இரண்டு மணி நேரம் பிள்ளைகளோடு. பத்தாம் நாள் மட்டும் ஊர் முழுக்கக் கூடுகிற ஓர் இரவு. கூட்டம் எவ்வளவு வந்தது என்று எண்ணுவதைவிட, எந்தத் தெருப் பிள்ளை வரவில்லை என்று பார்ப்பதுதான் இதற்குச் சரியான கணக்கு. இடம், நேரம், வசூல், சாப்பாடு என்று கீழே சொல்லியிருக்கிற எல்லாவற்றையும் அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

நாள் குறிப்பது

விடுமுறை தொடங்கிய சூட்டோடு சூடாக நடத்தத்தான் எல்லோருக்கும் தோன்றும். வேண்டாம். செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் ஏப்ரல், மே மாதங்கள் முந்திரிப் பருவம். விடிவதற்கு முன்பே குடும்பத்தோடு காட்டுக்குப் போய், விழுந்து கிடக்கும் பழத்தைப் பொறுக்கி, கொட்டையைத் திருகி எடுத்துச் சாக்கில் போடுகிற வேலை. பழச்சாறு பட்ட சட்டையில் பழுப்புக் கறை ஏறிவிடும், எத்தனை முறை துவைத்தாலும் போகாது. அந்தக் கறைபட்ட சட்டையோடு இருக்கிற பிள்ளைகள்தான் இந்த நிகழ்ச்சிக்கு முதலில் வர வேண்டியவர்கள். பருவம் உச்சத்தில் இருக்கும்போது காலை நேரத்தில் முகாம் வைத்தால் அவர்களால் வர முடியாது, வருமானம் உள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் வருவார்கள்.

கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். ஆகவே மே கடைசி வாரத்தில் தொடங்கி, பள்ளி திறப்பதற்கு இரண்டு மூன்று நாட்களுக்கு முன் முடியும்படி நாளை அமைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் முந்திரி வேலை குறைந்திருக்கும். ஊருக்குப் போன பிள்ளைகளும் திரும்பியிருப்பார்கள், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகளும் வந்திருக்கும். முடிவு வந்திருப்பது ஏன் முக்கியம் என்பதைப் பின்னால் சொல்கிறேன். உங்கள் ஊர்த் தீமிதியோ தேரோ அந்த நாட்களில் வந்தால் தள்ளி வையுங்கள். திருவிழாவோடு போட்டி போட்டு யாரும் ஜெயித்ததில்லை.

நேரம் மாலை நாலரை முதல் ஆறரை வரை. வெளிச்சம் இருக்கும்போதே பெண் பிள்ளைகள் வீடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும். இந்த ஒரு ஏற்பாடு இல்லாவிட்டால், பன்னிரண்டு வயதைத் தாண்டிய பெண் பிள்ளைகள் முதல் நாளோடு நின்றுவிடுவார்கள்.

இடம்

இந்த வழிகாட்டியில் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். கோயில் திடல் வசதியாக இருக்கும். ஆலமர நிழல், மேடை, மின்சாரம் எல்லாம் தயாராக இருக்கும். ஆனால் காலனித் தெருப் பிள்ளைகள் அங்கே தயங்காமல் வருவார்களா என்று உங்கள் மனசாட்சியைக் கேட்டுப் பாருங்கள். "யாரும் வரலாம் என்றுதானே சொன்னோம்" என்பது பதில் ஆகாது. ஒரு தெருவுக்குச் சொந்தமான இடத்தில் இன்னொரு தெருப் பிள்ளை விருந்தாளியாகத்தான் நிற்கும், விளையாடாது.

ஊருக்குப் பொதுவான இடம் அரசுப் பள்ளி. எல்லாத் தெருப் பிள்ளைகளும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பழகிய இடம். பள்ளி இல்லாத குக்கிராமமாக இருந்தால் நூலகக் கட்டடமோ ஊராட்சி அலுவலக வளாகமோ பார்க்கலாம். பள்ளி வளாகத்தைக் கேட்கும்போது தலைமை ஆசிரியரிடம் வாய்மொழியாகப் பேசியதோடு விட்டுவிடாதீர்கள். அவர் வழியாகக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்களே அதிகம் என்பதால், அந்தக் குழுத் தலைவியை முதலிலேயே உங்களோடு சேர்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கழிப்பறைச் சாவியும் தண்ணீர்த் தொட்டிச் சாவியும் உங்கள் கையில் இருக்க வேண்டும். கழிப்பறை பூட்டியிருந்தால் பெண் பிள்ளைகள் அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள், காரணத்தையும் சொல்ல மாட்டார்கள்.

குழுவும் அனுமதியும்

மே 1 அன்று கிராம சபை கூடும். அங்கே எழுந்து நின்று அறிவியுங்கள். பத்து நாள் நிகழ்ச்சி, இன்ன இடம், இன்ன நேரம், கட்டணம் கிடையாது என்று நாலு வரி போதும். ஊர்ப் பொதுவில் சொன்ன பிறகு அது ஒரு நண்பர் குழாமின் நிகழ்ச்சி என்று யாரும் ஒதுக்க முடியாது. ஊராட்சியிலிருந்து குடிநீர் லாரி, தெருவிளக்குப் பழுது, திடல் சுத்தம் ஆகியவற்றையும் அங்கேயே கேட்டுவிடலாம்.

குழுவில் எட்டுப் பத்துப் பேர் போதும். ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஒருவர், அதில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பவர்கள் கணக்கு எழுதப் பழகியவர்கள், வசூல் நோட்டை அவர்களிடம் கொடுங்கள். அங்கன்வாடிப் பணியாளருக்கு ஊரிலுள்ள எந்த வீட்டில் எந்தப் பிள்ளை என்பது அத்துப்படி. இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராக இருந்த அக்காமார்களுக்குப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பேசும் பழக்கம் உண்டு. கல்லூரி விடுமுறையில் இருக்கும் மாணவ மாணவிகள் களத்தில் ஓடியாட வேண்டியவர்கள்.

கடைசி இரவுக்கு மைக் வைப்பதானால் காவல் நிலையத்தில் முன்கூட்டியே மனு கொடுங்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. கூம்பு வடிவ ஒலிபெருக்கிக்கு எந்நேரமும் அனுமதி இல்லை. மற்ற ஒன்பது மாலைகளுக்கு மைக்கே வேண்டாம். மைக்கைப் பிடித்தவர் பேசிக்கொண்டே இருப்பார், பிள்ளைகளின் குரல் கேட்காது. மின்சாரத்தைக் கம்பத்தில் கொக்கி போட்டு எடுக்கவே கூடாது.

பணம்

குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடாதீர்கள். வரி என்றதும் எந்தத் தலைக்கட்டு சேரும், எது சேராது என்ற பழைய சண்டை கிளம்பிவிடும். விருப்ப நன்கொடை மட்டும் வாங்குங்கள். ஐம்பது ரூபாய் கொடுத்தவர் பெயரும் ஐயாயிரம் கொடுத்தவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும். கட்சிக்காரர்கள் பணம் கொடுத்தால் வாங்கலாம், கொடியும் பேனரும் கூடாது என்பதை வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். பொருளாகக் கேட்பது இன்னும் நல்லது. பால் கறப்பவரிடம் தயிர், மளிகைக்கடைக்காரரிடம் வெல்லம், தோப்பு வைத்திருப்பவரிடம் எலுமிச்சை, வெளிநாட்டில் வேலை பார்ப்பவரிடம் நோட்டுப் புத்தகம். கொடுத்த பொருள் பிள்ளை கையில் போய்ச் சேர்வதைக் கொடுத்தவரே பார்க்கலாம்.

செலவில் பெரும்பகுதி தண்ணீருக்கும் நிழலுக்கும் போகட்டும். நூறு பிள்ளைகள் வந்தால் ஒரு மாலைக்கு 20 லிட்டர் குடிநீர்க் கேன் மூன்றாவது வேண்டும். மண்பானைகளை முந்தின நாளே நிரப்பி நிழலில், ஈரச்சாக்கு சுற்றி வையுங்கள். நீர்மோருக்கு 3 லிட்டர் தயிரை 12 லிட்டர் தண்ணீரில் கடைந்து, இஞ்சியும் கறிவேப்பிலையும் உப்பும் போட்டால் ஆளுக்கு ஒரு தம்ளர் வரும். மறுநாள் பானகம். 15 லிட்டருக்கு இரண்டரைக் கிலோ வெல்லம், எலுமிச்சைச் சாறு, சுக்கு, ஏலக்காய். வெல்லத்தில் மண் இருக்கும், கரைத்து வடிகட்டிய பிறகே மற்றதைச் சேருங்கள். பாக்கெட் குளிர்பானம் எதையும் உள்ளே விடாதீர்கள்.

பத்து மாலைகளில் என்ன செய்வது

பாடம் நடத்தாதீர்கள். ஆங்கிலம் பேசும் பயிற்சி, கணக்கு வகுப்பு என்று பெற்றோர் கேட்பார்கள். அன்போடு மறுத்துவிடுங்கள், இது விடுமுறை.

முதல் நாள் அணி பிரிப்பது. தெருவாரியாக அணி சேர விட்டால் பத்து நாளும் தெருச்சண்டைதான். பெயர்களைச் சீட்டில் எழுதிப் பானையில் போட்டு, ஒரு சிறு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்லுங்கள். அணிக்கு மரத்தின் பெயர் வையுங்கள்: வேம்பு, புங்கை, இலுப்பை, பனை. அண்ணன் ஓர் அணி, தம்பி இன்னோர் அணி என்று விழுந்தால் அப்படியே இருக்கட்டும்.

விளையாட்டில் ஓட்டமும் கபடியும் தானாக நடக்கும், அவற்றுக்கு உங்கள் உதவி தேவையில்லை. பெண் பிள்ளைகள் கபடிக்குத் தனியாக நேரம் ஒதுக்குவதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கவனம் எடுத்து உயிர்ப்பிக்க வேண்டியவை உட்கார்ந்து ஆடும் ஆட்டங்கள். ஆடுபுலி ஆட்டத்தை ஊர்ப் பெரியவர்களை விட்டுச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். சிமெண்ட் தரையில் சாக்பீஸால் முக்கோணத்தையும் குறுக்குக் கோடுகளையும் இழுத்து, புலிக்கு மூன்று புளியங்கொட்டை, ஆட்டுக்குப் பதினைந்து கூழாங்கல். புலி தாண்டினால் ஆடு போச்சு. ஆடுகள் அவசரப்படாமல் சேர்ந்து நின்றால் புலியை நகரவிடாமல் அடைத்துவிடலாம். எழுபது வயதுத் தாத்தாவும் ஐந்தாம் வகுப்புப் பெண்ணும் அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், சுற்றி நிற்பவர்கள்தான் கத்துவார்கள். பல்லாங்குழிக்குப் பலகை இல்லையென்றால் மண்ணில் பதினாலு குழி தோண்டினால் போதும்.

இரண்டு மாலைகளை நூலகத்துக்குக் கொடுங்கள். ஊர்ப்புற நூலகங்களில் சிறுவர் நூல்கள் அலமாரியிலேயே கிடக்கின்றன. நூலகரிடம் பேசி, நூறு புத்தகங்களைக் கையெழுத்திட்டு வாங்கி வந்து பாயில் பரப்புங்கள். எதையும் எடுக்கலாம், பாதியில் வைக்கலாம், படம் மட்டும் பார்க்கலாம். படிக்கச் சிரமப்படுகிற பிள்ளைக்குப் பெரிய பிள்ளை வாசித்துக் காட்டட்டும். உறுப்பினர் சேர்க்கைப் படிவத்தையும் அன்றே நிரப்பிவிடுங்கள்.

இந்த மாவட்டத்துக்கென்றே ஒன்று இருக்கிறது, அதற்கு ஒரு முழு மாலையும் ஒரு காலையும் தாராளமாகக் கொடுக்கலாம். அரியலூர் மண் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்தது. கல்லங்குறிச்சி என்றால் நமக்குக் கலியுக வரதராசப் பெருமாள் கோயில், ராமநவமித் தேர். புவியியலாளர்களுக்கு அது ஒரு பாறை அடுக்கின் பெயர். ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அந்தச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பிகள் கொத்துக் கொத்தாகப் பதிந்து கல்லாகியிருக்கின்றன. ஒன்றைப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். கிண்ணம் மாதிரி குழிந்து, விளிம்பில் அடுக்கடுக்காக வரி ஓடியிருக்கும், பார்ப்பதைவிடக் கனமாக இருக்கும். "இங்கே ஏது கடல்?" என்று அந்தப் பிள்ளையே கேட்கும், அதற்குப் பிறகு நீங்கள் சொல்வதையெல்லாம் வாய் பிளந்து கேட்கும். சிமெண்ட் ஆலைகளுக்குப் போகிற லாரியில் இருப்பதும் அந்தக் கடலின் மிச்சம்தான் என்று சொல்லுங்கள். வாரணவாசியில் இதற்கென்றே புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது, அழைத்துப் போவது நல்லது. பாறையை உடைப்பதும் சுரங்கத்துக்குள் இறங்குவதும் கண்டிப்பாகக் கூடாது.

வெளியூர்ப் பயணம் ஒன்று போக முடிந்தால் கங்கைகொண்ட சோழபுரம். 2004-ல் உலகப் பாரம்பரியச் சின்னமான கோயில் நம் மாவட்டத்தில் இருந்தும், உள்ளே காலடி வைக்காத பிள்ளைகள் இங்கே நிறையப் பேர். காலை ஆறு மணிக்கெல்லாம் போய்விடுங்கள். ஒன்பதைத் தாண்டினால் முற்றத்துக் கல் காலைச் சுட்டுவிடும். எல்லாவற்றையும் காட்ட முயலாதீர்கள். வடபுறப் படியருகே அடியார் சண்டேசரின் தலையில் சிவன் மாலை சுற்றும் சிற்பம், பிறகு சிம்மக் கிணறு, அவ்வளவு போதும். பிள்ளைகள் அந்தச் சிங்கத்தின் வயிற்றுக்குள் இறங்கும் படியைப் பற்றி வீட்டில் ஒரு வாரம் பேசுவார்கள். நேரம் இருந்தால் ராசேந்திர சோழனின் அரண்மனை இருந்த மாளிகைமேடு. கரைவெட்டி ஏரிக்கு இந்த நேரத்தில் போகாதீர்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2024-ல் சேர்ந்த ஏரிதான், ஆனால் வலசைப் பறவைகள் குளிர்காலத்து விருந்தாளிகள். மே மாதத்தில் பிள்ளைகளுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும், டிசம்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தேர்வு முடிவு விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மாலையைப் பத்தும் பன்னிரண்டும் முடித்தவர்களுக்காக ஒதுக்குங்கள். பேச்சாளர் வேண்டாம். உங்கள் ஊரிலிருந்தே ஐடிஐ, பாலிடெக்னிக், அரியலூர் அரசு கலைக் கல்லூரி, செவிலியர் படிப்பு என்று போனவர்களை ஆளுக்கு ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, கேட்பவர்களுக்குப் பதில் சொல்லச் சொல்லுங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எதுவெல்லாம் இல்லை என்று பட்டியல் எடுத்து, மறுநாளே இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போக ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். தேர்ச்சி பெறாத பிள்ளை அந்தப் பக்கமே வராது. வீடு தேடிப் போய், துணைத்தேர்வுக்கு விண்ணப்பம் போட வையுங்கள். அந்தப் பத்து நாள் வேலையில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

ஆபத்து இருக்கும் இடங்கள்

கோடையில் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மிகப்பெரிய ஆபத்து தண்ணீர். கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கக் குழிகளில் பச்சை நிறத்தில் தண்ணீர் நிற்கும். கரை செங்குத்தாக இறங்கும், கால் வைத்து ஏற இடமே இருக்காது. திருமானூர், தா.பழூர் பக்கம் கொள்ளிடத்தில் முழங்கால் தண்ணீர் போலத் தெரிகிற இடத்துக்குப் பக்கத்திலேயே மணல் எடுத்த பள்ளம் ஆளை விழுங்கும். முதல் நாளே ஊரைச் சுற்றியுள்ள இப்படிப்பட்ட இடங்களைப் பிள்ளைகளையே தரையில் வரைபடமாக வரையச் சொல்லுங்கள், பெரியவர்களுக்குத் தெரியாத இடங்கள்கூட அதில் வரும். ஒருவன் மூழ்கினால் பின்னால் குதிக்கக் கூடாது, சேலையோ கயிறோ கம்போ நீட்டிக்கொண்டே கத்த வேண்டும் என்பதை நடித்துக் காட்டிப் பழக்குங்கள்.

லாரி போகும் சாலையைக் கடந்து வரும் தெரு இருந்தால், நாலரைக்கும் ஆறரைக்கும் சாலையில் இரண்டு பேர் நிற்க வேண்டும். மயக்கம், தலைசுற்றல் வந்த பிள்ளையை நிழலில் கிடத்தி, உடலை ஈரத்துணியால் துடைத்து, நினைவோடு இருந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்குச் சமமாக வழித்த ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. நினைவு தவறினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். நாய் கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையம். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம், கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனை. ஏதாவது ஒரு பிள்ளை வீட்டில் அடி, உதை, கல்யாண ஏற்பாடு என்று உங்களிடம் சொன்னால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை மறக்காதீர்கள்.

கடைசி இரவு

சிறப்பு விருந்தினரை அழைக்காதீர்கள். அவர் வரத் தாமதமானால் பிள்ளைகள் வேடம் கட்டிக்கொண்டு வியர்வையில் நிற்பார்கள். ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடியுங்கள். ஒவ்வோர் அணியும் பத்து நிமிடம். ஊர் ஏரி வெட்டிய கதை, கல்லாகிப்போன சிப்பி, சந்தையில் முந்திரிக்கொட்டை விற்கும் பேரம் என்று அவர்களே எழுதிய நாடகம் போதும். திரைப்படப் பாட்டுக்கு ஆடுவதைத் தடுக்க வேண்டாம், அதுவே முழு நிகழ்ச்சியாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நடவுப் பாட்டுத் தெரிந்த பாட்டிமார்களை முன்வரிசையில் உட்கார வைத்து, நடுவில் இரண்டு பாட்டுப் பாடச் சொல்லுங்கள். முதலில் வெட்கப்படுவார்கள், ஒருவர் எடுத்துக் கொடுத்தால் மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

பரிசில் முதல், இரண்டாம், மூன்றாம் இடங்கள் வேண்டாம். வந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி நோட்டும் பேனாவும் கொடுங்கள், அடுத்த வாரம் பள்ளிக்கு உதவும்.

பிறகு சாப்பாடு. புளிசாதமும் தயிர்சாதமும் போதும், சமைப்பவர்கள் எல்லாத் தெருவையும் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். பந்தியில் அணி வாரியாக உட்காரச் சொல்லுங்கள், வேம்பு ஒரு வரிசை, புங்கை ஒரு வரிசை. பிள்ளைகள் ஏற்கெனவே கலந்துதான் இருக்கிறார்கள், அம்மா அப்பாக்கள் அவரவர் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்வார்கள். யாராவது முகம் சுளித்து எழுந்தால் வாக்குவாதம் செய்யாதீர்கள், இலையை எடுத்துவிட்டு அடுத்தவருக்குப் பரிமாறுங்கள்.

முடிந்த பிறகு

மறுநாள் காலையில் குழு முழுவதும் பள்ளிக்குப் போய்க் குப்பை பொறுக்கி, கழிப்பறை கழுவி, சாவியைத் தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள். அடுத்த ஆண்டு அனுமதி கிடைப்பது இதில்தான் இருக்கிறது. வரவு செலவை ஒரு வாரத்துக்குள் ஊராட்சி அலுவலகப் பலகையிலும் ரேஷன் கடைச் சுவரிலும் ஒட்டுங்கள். மீதிப் பணத்தில் கேரம் பலகையோ கைப்பந்து வலையோ வாங்கி நூலகத்தில் வையுங்கள், எவர் வீட்டிலும் வைக்காதீர்கள்.

வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு குழு ஒருமுறை உட்கார வேண்டும். ஒரு நாள்கூட வராத பிள்ளைகள் யார், மூன்றாம் நாளோடு நின்றவர்கள் யார் என்று பெயர் பெயராகப் பாருங்கள். மாற்றுத்திறன் உள்ள பிள்ளை வராததற்குப் பள்ளிப் படிக்கட்டு காரணமாக இருக்கலாம், செங்கல் சூளைக்குப் போன குடும்பத்துப் பிள்ளைக்கு நிகழ்ச்சி நடப்பதே தெரியாமல் இருந்திருக்கலாம். அந்த வீடுகளுக்குப் பள்ளி திறக்கும் முன்பே ஒரு நடை போய் நோட்டையும் பேனாவையும் கொடுத்துவிட்டு, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தாயிற்றா என்று கேட்டு, இல்லையென்றால் பெயரைத் தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுங்கள்.